லைசென்ஸ் இருக்கு, சீசனும் இருக்கு... ஆனாலும் கோர்ட் படி ஏறிய 4 பேர்! அமெரிக்காவில் ஒரு மான் வேட்டைக்கு இத்தனை விதிகளா?

கையில் வேட்டை லைசென்ஸ் இருந்தது. சீசனும் திறந்திருந்தது. எதிரே இருந்ததோ அரசு நிலம். ஆனாலும் அந்த நிலத்துக்குள் போன விதத்துக்காக நான்கு பேர் மீது கிரிமினல் வழக்கு, அதன் பிறகு கோடிக்கணக்கில் நஷ்டஈடு கேட்டு சிவில் வழக்கு.

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் 2021-ல் நடந்த சம்பவம் இது. மிசௌரி மாநிலத்திலிருந்து வந்த அந்த நான்கு வேட்டைக்காரர்கள், தனியார் நிலத்தில் கால் படக்கூடாது என்பதற்காக ஒரு ஏணியையே கையோடு கொண்டு வந்திருந்தார்கள். ஏணியின் ஒரு பக்கம் அரசு நிலம், மறு பக்கமும் அரசு நிலம். நடுவில் இருந்தது ஒரே ஒரு புள்ளி. அந்தப் புள்ளியைத் தாண்டலாமா, கூடாதா என்ற கேள்வி நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2025 அக்டோபரில்தான் அதற்கு முற்றுப்புள்ளி விழுந்தது.

துப்பாக்கி சுலபமாகக் கிடைக்கும் நாடு என்றுதான் அமெரிக்காவை நமக்குத் தெரியும். அங்கே ஒருவர் காட்டுக்குப் போய் ஒரு மானைச் சுடுவது அவ்வளவு சுலபமில்லை என்பது பலருக்குத் தெரியாது. எப்போது சுடலாம், எதைச் சுடலாம், எங்கே நின்று சுடலாம் என எல்லாவற்றுக்கும் விதி உண்டு. அந்த விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஏன் இப்படி? இதனால் யாருக்கு லாபம்? விரிவாகப் பார்க்கலாம்.

விலங்கு யாருக்குச் சொந்தம்?

எல்லாக் குழப்பமும் தொடங்குவது இந்தக் கேள்வியில்தான். இங்கிலாந்தில் ஒரு காலத்தில் காட்டு மான் அரசருக்கும் பிரபுக்களுக்கும் உரியது. அமெரிக்கா அதை ஏற்கவில்லை. அங்கே காட்டு விலங்கு நிலச் சொந்தக்காரருக்குச் சொந்தமில்லை. அது பொதுமக்களின் சொத்து, அதைப் பராமரிக்கும் பொறுப்பு மாநில அரசுடையது என்பதே சட்டத்தின் அடிப்படை.

ஆகவே உங்கள் தோட்டத்தில் நிற்கும் மானாகவே இருந்தாலும், சீசனில்தான் சுட முடியும், பெரும்பாலும் மாநில அரசின் அனுமதியும் வேண்டும். அதேபோல, கையில் அரசு அனுமதி இருந்தாலும் அடுத்தவர் தோட்டத்துக்குள் நுழைய முடியாது. விலங்கு மக்களுடையது, நிலம் தனியாருடையது. இந்த இரண்டுக்கும் இடையில் வந்து மாட்டிக்கொள்பவர்தான் வேட்டைக்காரர்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. வாத்து போன்ற வலசைப் பறவைகளுக்கு மாநில எல்லை தெரியாது. அதனால் 1918-ல் வந்த வலசைப் பறவைகள் ஒப்பந்தச் சட்டத்தின்படி அவற்றுக்கான வரம்புகளை மத்திய அரசு வகுக்கிறது. அந்த வரம்புக்குள் மாநிலங்கள் தேதியை அறிவிக்கின்றன.

முதலில் பரீட்சை, அப்புறம்தான் லைசென்ஸ்

லைசென்ஸ் வாங்கக் கடைக்குப் போனதும் முதலில் கேட்கப்படுவது 'ஹன்டர் எஜுகேஷன்' சான்றிதழ். துப்பாக்கியை எப்படிப் பிடிப்பது, சுடும்முன் இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று ஏன் பார்க்க வேண்டும், விலங்கின் உடலில் எங்கே குறிவைத்தால் அது துடிக்காமல் விழும் என்றெல்லாம் சொல்லித்தரும் வகுப்பு இது. வகுப்பின் முடிவில் தேர்வும் உண்டு.

யாருக்கு இது கட்டாயம் என்பதிலும் மாநிலத்துக்கு மாநிலம் வித்தியாசம். கொலராடோவில் 1949 ஜனவரி 1 அன்றோ அதன் பிறகோ பிறந்தவர்கள். டெக்சாஸில் 1971 செப்டம்பர் 2 அன்றோ அதன் பிறகோ பிறந்தவர்கள். விஸ்கான்சினில் 1973 ஜனவரி 1 அன்றோ அதன் பிறகோ பிறந்தவர்கள். ஒரு மாநிலத்தில் வாங்கிய சான்றிதழை மற்ற மாநிலங்களும் ஏற்றுக்கொள்ளும் என்பது ஒரு நிம்மதி.

உடையிலும் விதி உண்டு. துப்பாக்கி சீசனில் பல மாநிலங்களில் பளீர் ஆரஞ்சு நிற உடை கட்டாயம். மானின் கண்ணுக்கு அந்த நிறம் அவ்வளவாகத் தெரியாது, சக வேட்டைக்காரர் கண்ணில் பட்டென்று படும். 2016-ல் விஸ்கான்சின் மாநிலம் பளீர் பிங்க் நிறத்துக்கும் அனுமதி கொடுத்தது.

லைசென்ஸ் வேறு, 'டேக்' வேறு!

புதிதாகப் போகிறவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். லைசென்ஸ் என்பது 'நீங்கள் வேட்டைக்காரர்' என்பதற்கான அனுமதி. 'டேக்' என்பது 'இந்த விலங்கில், இந்தப் பாலினத்தில், இந்தப் பகுதியில், இத்தனை' என்பதற்கான அனுமதி. ஒரு டேக் என்றால் ஒரு விலங்கு. சுட்டவுடன் அந்த டேக்கில் தேதியைக் குறித்து விலங்கோடு சேர்த்தாக வேண்டும். டெக்சாஸில் லைசென்ஸ் தாளிலேயே டேக் இருக்கும். சுட்ட மாதத்தையும் தேதியையும் அதில் வெட்டி எடுக்க வேண்டும்.

கட்டணத்தைப் பார்த்தால் இன்னொரு அதிர்ச்சி காத்திருக்கிறது. டெக்சாஸில் வசிப்பவருக்கு வேட்டை லைசென்ஸ் 25 டாலர். வெளி மாநிலத்தவருக்கு 315 டாலர், அதாவது சுமார் 27 ஆயிரம் ரூபாய். கொலராடோவில் எல்க் மானுக்கான லைசென்ஸ் உள்ளூர்க்காரருக்கு 100 டாலருக்குள் முடிந்துவிடும். வெளியூர்க்காரருக்கு 800 டாலரைத் தாண்டும். எல்க் என்பது நம் ஊர்க் கடமான் போலப் பெரிய உருவம் கொண்ட மான் இனம்.

ஒரே நாட்டுக்குள் இது பாரபட்சம் இல்லையா? இந்தக் கேள்வியும் கோர்ட்டுக்குப் போனது. மொன்டானா மாநிலத்தில் 1976-ல் உள்ளூர்க்காரர் எல்க் வேட்டைக்கு 9 டாலர் கட்டினார். வெளி மாநிலத்தவர் 225 டாலர் கட்ட வேண்டியிருந்தது, 25 மடங்கு அதிகம்! மின்னசோட்டாவைச் சேர்ந்த சிலர் வழக்குப் போட்டார்கள். 1978-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மொன்டானா பக்கமே நின்றது. பிழைப்புக்காக வேறு மாநிலம் போவது அடிப்படை உரிமை, பொழுதுபோக்காக எல்க் வேட்டையாடுவது அப்படிப்பட்ட உரிமை அல்ல என்பதே தீர்ப்பின் சாரம். இன்றைக்கும் கட்டண வித்தியாசம் தொடர்வதற்கு இந்தத் தீர்ப்புதான் அடித்தளம்.

20 வருடக் காத்திருப்பு... வேட்டைக்கும் லாட்டரி

சரி, பணம் இருக்கிறது. கட்டினால் டேக் கிடைத்துவிடுமா? மேற்கு மாநிலங்களில் அதற்கும் உத்தரவாதம் இல்லை.

ஒரு பகுதியில் எத்தனை விலங்குகள் இருக்கின்றன, எத்தனையைச் சுட்டால் இனம் பாதிக்காது என்று மாநில வனவிலங்குத் துறை கணக்கெடுக்கும். அதற்கேற்ப டேக் எண்ணிக்கையை முடிவு செய்யும். கேட்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தால் குலுக்கல்தான். இதை அங்கே 'டிரா' என்கிறார்கள்.

கொலராடோவில் குலுக்கலில் தோற்றால் ஒரு 'பாயிண்ட்' கிடைக்கும். அதிக பாயிண்ட் சேர்த்தவருக்கே முன்னுரிமை. நல்ல கொம்புள்ள எல்க் கிடைக்கும் சில பகுதிகளுக்கு 20 பாயிண்டுக்கு மேல் தேவைப்படுகிறது. அதாவது, கல்லூரி முடித்த கையோடு விண்ணப்பிக்கத் தொடங்கியவருக்கு, பிள்ளை கல்லூரி போகும் வயதில் டேக் கிடைக்கும்!

நியூ மெக்சிகோவில் பாயிண்ட் முறையே இல்லை. ஆனால் அங்கே ஒதுக்கீடு உண்டு. குலுக்கல் டேக்குகளில் 84 சதவீதம் உள்ளூர்க்காரர்களுக்கு, 10 சதவீதம் வழிகாட்டி நிறுவனத்தோடு வருபவர்களுக்கு, மீதி 6 சதவீதம்தான் தனியாக வரும் வெளியூர்க்காரர்களுக்கு.

இன்னொரு பக்கம், காத்திருக்கத் தேவையே இல்லாத ஒரு கூட்டமும் உண்டு. சில மாநிலங்கள் அரிய விலங்குகளுக்கான ஒன்றிரண்டு டேக்குகளை ஏலம் விடுகின்றன. மொன்டானாவில் பெருங்கொம்பு காட்டு ஆட்டுக்கான ஒரே ஒரு டேக் 2013-ல் 4,80,000 டாலருக்குப் போனது. 'அந்தப் பணம் ஆடுகளின் பாதுகாப்புக்கே செலவாகிறது' என்பது அரசுகளின் வாதம். 'மக்கள் சொத்து என்றால் பணக்காரருக்கு மட்டும் ஏன் தனி வரிசை?' என்பது எதிர்க்கேள்வி.

அக்டோபர் பயணத்துக்கு ஜனவரியில் பிளான்!

இதனால்தான் அங்கே வேட்டைப் பயணம் என்பது வருடம் முழுக்க ஓடும் வேலை. மேற்கு மாநிலம் ஒன்றில் இலையுதிர் காலத்தில் எல்க் வேட்டைக்குப் போக நினைப்பவரின் காலண்டர் ஏறக்குறைய இப்படி இருக்கும்.

• ஜனவரி - எந்த மாநிலம், எந்தப் பகுதி என்று முடிவு செய்வது. முந்தைய ஆண்டுகளில் எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்குக் கிடைத்தது என்பதை மாநிலத் துறைகளே வெளியிடுகின்றன.

• பிப்ரவரி தொடக்கம் - வயோமிங்கில் வெளி மாநிலத்தவர் எல்க் டேக்குக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள்.

• ஏப்ரல் முதல் செவ்வாய் - கொலராடோவின் முதன்மைக் குலுக்கலுக்குக் கடைசி நாள்.

• மே, ஜூன் - குலுக்கல் முடிவுகள். கிடைக்காதவர்கள் மிச்சமிருக்கும் டேக்குகளுக்கு அலைய வேண்டும்.

• கோடை - துப்பாக்கிப் பயிற்சி, மலை ஏற உடற்பயிற்சி, வரைபட ஆராய்ச்சி.

• செப்டம்பர் முதல் நவம்பர் வரை - வில், பழைய பாணித் துப்பாக்கி, ரைஃபிள் என ஆயுதத்துக்கு ஏற்பத் தனித்தனி சீசன்கள்.

தேதியைத் தவறவிட்டால் அவ்வளவுதான். அடுத்த வருடம்தான். முன்பெல்லாம் கொலராடோவில் வில் வேட்டைக்கு வெளியூர்க்காரர்கள் பல பகுதிகளில் கடையிலேயே டேக் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடலாம். 2025 முதல் அந்தக் கதவும் பெரும்பாலும் மூடப்பட்டு, குலுக்கல் வழியாகத்தான் வர வேண்டும் என்றாகிவிட்டது.

ஏன் குறிப்பிட்ட மாதங்கள் மட்டும்?

கோடையில் குட்டிகள் தாயை நம்பி இருக்கும். அப்போது தாயைச் சுட்டால் போவது ஓர் உயிரோடு நிற்காது. இலையுதிர் காலம் வருவதற்குள் குட்டிகள் ஓரளவு தேறிவிடும். அடுத்து வரும் பனிக்காலத்தில் தீவனம் குறைவு. கூட்டம் அதற்குத் தாங்கும் அளவில் இருக்க வேண்டும். இந்தக் கணக்குகளின் மேல்தான் சீசன் நிற்கிறது. சுடும் நேரத்துக்கும் வரம்பு உண்டு. பல மாநிலங்களில் மான் வேட்டைக்கு சூரிய உதயத்துக்கு அரை மணி நேரம் முன்பிருந்து அஸ்தமனத்துக்கு அரை மணி நேரம் பின்பு வரைதான் அனுமதி.

விலங்கியலோடு ஊர் வழக்கமும் இதில் கலந்திருக்கிறது. விஸ்கான்சினின் ஒன்பது நாள் துப்பாக்கி சீசன் 'தேங்க்ஸ்கிவிங்' பண்டிகையை ஒட்டியே வரும். நம் ஊரில் பொங்கலுக்கு ஊருக்குப் போவதுபோல, வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் அப்பாவோடும் தாத்தாவோடும் வேட்டைக்குப் போக ஊர் திரும்புவார்கள். பென்சில்வேனியாவில் தேங்க்ஸ்கிவிங்குக்கு அடுத்த திங்கள்கிழமைதான் பல ஆண்டுகளாக ரைஃபிள் சீசன் தொடங்கும் நாளாக இருந்தது. பல பள்ளிகளுக்கு அன்று விடுமுறை விடுவதே வழக்கம். 2019-ல் தொடக்க நாளைச் சனிக்கிழமைக்கு மாற்றியபோது அதுவே பெரிய சர்ச்சையானது.

அதே பென்சில்வேனியாவில் இன்னொரு பழைய விதியும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கான நாள், அன்று வேட்டை கூடாது. 19-ம் நூற்றாண்டில் வந்த இந்தத் தடை, திங்கள் முதல் சனி வரை வேலைக்குப் போகிறவரை நேரடியாகப் பாதித்தது. 2019-ல் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளுக்கு மட்டும் கதவு திறந்தது. 2025 ஜூலையில் வந்த சட்டம் அந்தத் தடையையே நீக்கி, முடிவை மாநில வேட்டை ஆணையத்திடம் விட்டுவிட்டது. மெய்ன், மாசசூசெட்ஸ் மாநிலங்களில் ஞாயிறு தடை இன்னமும் தொடர்கிறது.

எங்கே போய் சுடுவது? பெரிய தலைவலி இதுதான்

லைசென்ஸ் ஆச்சு, டேக் ஆச்சு, தேதியும் ஆச்சு. எங்கே போவது?

டெக்சாஸில் சுமார் 95 சதவீத நிலம் தனியாருடையது. அங்கே வேட்டை என்றால் பெரும்பாலும் பண்ணை உரிமையாளருக்குப் பணம் கட்டி, சீசன் முழுக்கக் குத்தகைக்கு இடம் எடுப்பதுதான். மரத்தில் ஊதா நிற பெயின்ட் கோடு தெரிந்தால் 'உள்ளே வராதே' என்று அர்த்தம். போர்டு வேண்டியதில்லை, அந்தக் கோட்டுக்கே சட்ட மதிப்பு உண்டு.

மேற்கு மாநிலங்கள் இதற்கு நேர் எதிர். வயோமிங்கில் கிட்டத்தட்டப் பாதி நிலம் மத்திய அரசுடையது. நாடு முழுவதும் நில மேலாண்மைப் பணியகத்திடம் மட்டும் சுமார் 24.5 கோடி ஏக்கர், வனச் சேவையிடம் சுமார் 19.3 கோடி ஏக்கர். டேக் உள்ள யாரும் இதில் பெரும்பகுதிக்குள் காசு கொடுக்காமல் நடந்து போகலாம். பண்ணை வசதி இல்லாத சாதாரண வேட்டைக்காரருக்கு இதுதான் ஒரே வழி.

ஆனால் அங்கேயும் ஒரு முடிச்சு. வயோமிங்கில் 'வில்டர்னெஸ்' என்று அறிவிக்கப்பட்ட மத்திய அரசுக் காடுகளுக்குள் வெளி மாநிலத்தவர் பெரிய விலங்குகளை வேட்டையாடப் போனால், லைசென்ஸ் பெற்ற வழிகாட்டியோ உள்ளூர்க்காரர் ஒருவரோ உடன் வர வேண்டும். அதே காட்டில் சும்மா நடக்கவோ கூடாரம் போடவோ யார் துணையும் தேவையில்லை!

ஏணி வழக்கு: செஸ் போர்டில் மாட்டிய நிலம்

இப்போது அந்த நான்கு பேருக்கு வருவோம்.

1862-ல் பசிபிக் ரயில் பாதை போட முடிவு செய்த அமெரிக்க அரசு, ரயில் கம்பெனிகளுக்கு நிலம் கொடுத்தது. பாதையின் இரு பக்கமும் ஒரு மைல் நீளம், ஒரு மைல் அகலம் என 640 ஏக்கர் சதுரங்களாகப் பிரித்து, ஒன்றை ரயில் கம்பெனிக்குக் கொடுத்தது, அடுத்ததைத் தன்னிடம் வைத்துக்கொண்டது. செஸ் போர்டில் வெள்ளைக் கட்டமும் கறுப்புக் கட்டமும் மாறி மாறி வருமே, அந்த மாதிரி. ரயில் கம்பெனியின் கட்டங்கள் பின்னாளில் பண்ணை முதலாளிகளின் கைக்குப் போயின.

செஸ் போர்டில் ஒரு கறுப்புக் கட்டத்திலிருந்து இன்னொரு கறுப்புக் கட்டத்துக்கு வெள்ளையை மிதிக்காமல் போக ஒரே வழிதான் உண்டு. பிஷப் போகிற மாதிரி மூலை வழியாகக் குறுக்கே போக வேண்டும். அந்த நான்கு பேரும் செய்தது அதைத்தான். செல்போனில் இருந்த வரைபட ஆப் மூலம் மூலைப் புள்ளியைக் கண்டுபிடித்தார்கள். 2020-ல் அவர்களில் மூவர் வந்தபோது, அந்த மூலையில் உரிமையாளர் நட்டிருந்த எச்சரிக்கைக் கம்பங்களைப் பிடித்துச் சுற்றித் தாண்டினார்கள். 2021-ல் நான்கு பேரும் ஏணியோடு வந்தார்கள். ஏணியின் கால்கள்கூட அரசு நிலத்தில்தான் நின்றன.

சுமார் 22 ஆயிரம் ஏக்கர் பண்ணையின் உரிமையாளர் இதை ஏற்கவில்லை. 'என் நிலத்துக்கு மேலே இருக்கும் காற்றுவெளியும் எனக்குச் சொந்தம். தோளும் கையும் அதற்குள் வந்தாலே அத்துமீறல்தான்' என்பது அவர் தரப்பு வாதம். மூலை தாண்டுவது அனுமதிக்கப்பட்டால் தன் சொத்து மதிப்பு 70 லட்சம் டாலருக்கும் மேல் சரியும் என்றும் அவர் தரப்பு சொன்னது. ஏன் அவ்வளவு சரிவு? மூலை மூடியிருக்கும்வரை, நடுவில் இருக்கும் அரசு நிலத்தையும் கிட்டத்தட்ட அவர் மட்டுமே அனுபவிக்க முடியும். அந்த 70 லட்சம் டாலரில் பெரும்பகுதி, சொல்லப்போனால், மக்கள் நிலத்தின் விலை.

வழக்கு நகர்ந்த பாதை இது. 2022-ல் கிரிமினல் வழக்கில் ஜூரி நான்கு பேரையும் விடுதலை செய்தது. 2023-ல் மத்திய மாவட்ட நீதிமன்றம் சிவில் வழக்கிலும் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2025 மார்ச்சில் பத்தாவது சரக மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதற்குக் கைகொடுத்தது 1885-ல் வந்த ஒரு பழைய சட்டம். பொது நிலத்துக்குப் போகும் வழியை வேலி போட்டு மறிக்கக் கூடாது என்பதற்காக, அன்றைய மாட்டுப் பண்ணை முதலாளிகளைக் கட்டுப்படுத்தக் கொண்டுவந்த சட்டம் அது. 2025 அக்டோபரில் உரிமையாளரின் மேல்முறையீட்டை விசாரிக்க உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது.

ஆக, எல்லா இடத்திலும் மூலை தாண்டலாமா? இல்லை! அந்தத் தீர்ப்பு வயோமிங், கொலராடோ, யூட்டா, நியூ மெக்சிகோ, கான்சாஸ், ஓக்லஹோமா ஆகிய ஆறு மாநிலங்களைத்தான் கட்டுப்படுத்தும். பக்கத்திலேயே இருக்கும் மொன்டானா வேறு சரகத்தில் வருகிறது. அங்கே மூலை தாண்டுவது சட்டவிரோதம்தான் என்று அதிகாரிகள் சொல்லிவருகிறார்கள். இப்படி மூலையில் மாட்டிக் கிடக்கும் பொது நிலம் மேற்கு மாநிலங்களில் மட்டும் சுமார் 83 லட்சம் ஏக்கர் என்பது வரைபட ஆப் நிறுவனம் ஒன்றின் மதிப்பீடு.

சுட்ட பிறகும் விதி விடாது

மான் விழுந்துவிட்டால் வேலை முடியவில்லை. இறைச்சியை அழுகவிட்டுக் கொம்பை மட்டும் எடுத்து வருவது பல மாநிலங்களில் குற்றம். காட்டு மான் இறைச்சியை விற்கவும் முடியாது. வீட்டில் சாப்பிடலாம், உறவினருக்குக் கொடுக்கலாம், ஏழைகளுக்கான உணவு வங்கிக்குத் தரலாம்.

மாநில எல்லையைத் தாண்டும்போது இன்னொரு சிக்கல். மான்களின் மூளையைப் பாதிக்கும் 'நாட்பட்ட உடல் தேய்வு நோய்' 1967-ல் கொலராடோவில் முதலில் தென்பட்டது. இப்போது 30-க்கும் மேற்பட்ட மாநிலங்களில் பரவியிருக்கிறது. மனிதருக்குத் தொற்றியதாக இதுவரை உறுதியாகவில்லை. ஆனாலும் நோய் உள்ள பகுதியில் சுட்ட மானைப் பரிசோதித்துவிட்டே சாப்பிடுங்கள், நோய் உறுதியானால் சாப்பிடாதீர்கள் என்கிறது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம். மூளை, முதுகுத்தண்டோடு முழு மானை எல்லை தாண்டிக் கொண்டுவரப் பல மாநிலங்கள் தடை போட்டிருக்கின்றன.

ஒரு மாநிலத்தில் சட்டத்தை மீறிச் சுட்டு, அதை இன்னொரு மாநிலத்துக்குக் கொண்டுபோனால் அது மத்தியக் குற்றமாகிவிடும். 1900-ல் வந்த லேசி சட்டம் இதற்கானது. ஒரு மாநிலத்தில் லைசென்ஸ் ரத்தானால், தங்களுக்குள் ஒப்பந்தம் செய்துகொண்ட மற்ற மாநிலங்களிலும் வேட்டையாட முடியாது.

அங்கே இருக்கும் நம்மவர்கள் கவனிக்க வேண்டியது

அமெரிக்காவில் எச்-1பி விசாவில் வேலை பார்ப்பவர்களும் எஃப்-1 விசாவில் படிப்பவர்களும் தமிழ்நாட்டிலிருந்து நிறையவே இருக்கிறார்கள். ஆபீஸ் நண்பர் 'வார இறுதியில் வேட்டைக்கு வா' என்று கூப்பிட்டால், துப்பாக்கியைத் தொடும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இப்படிப்பட்ட தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க அமெரிக்க மத்தியச் சட்டம் பொதுவாகத் தடை விதிக்கிறது. மீறினால் 15 ஆண்டுகள் வரை சிறை. ஆனால் அதே சட்டத்தில் ஒரு விலக்கும் உண்டு. ஏதேனும் ஒரு மாநிலம் சட்டப்படி வழங்கிய வேட்டை லைசென்ஸ் கையில் இருந்தால் அந்தத் தடை பொருந்தாது. அங்கே 25 டாலர் லைசென்ஸ் என்பது மானைச் சுடுவதற்கான சீட்டு மட்டுமல்ல, ஜெயிலுக்குப் போகாமல் இருப்பதற்கான சீட்டும்கூட. லைசென்ஸ் காலாவதியாகிவிட்டால் பாதுகாப்பும் போச்சு. விசா விவகாரம் என்பதால், கிளம்புவதற்கு முன் வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

இவ்வளவு கெடுபிடி எதற்கு? காரணம் ஒரு புறா

19-ம் நூற்றாண்டு அமெரிக்காவில் வேட்டைக்குப் பெரிய கட்டுப்பாடு இல்லை. ரயில் வந்தது, நகரச் சந்தை வந்தது, சுட்டதையெல்லாம் விற்க முடிந்தது. வானத்தை மறைக்கும் அளவுக்குக் கூட்டமாகப் பறந்த பயணிப் புறா இனமே அழிந்தது. கடைசிப் புறா 1914 செப்டம்பர் 1 அன்று சின்சினாட்டி உயிரியல் பூங்காவில் செத்துப்போனது. அதன் பெயர் மார்த்தா. வெள்ளைவால் மான்களும் 1900 வாக்கில் சுமார் 5 லட்சமாகச் சுருங்கிவிட்டதாக மதிப்பிடப்படுகிறது.

அதிலிருந்து மீள எடுத்த வழிதான் லைசென்ஸ், சீசன், டேக். அதோடு பணத்துக்கும் ஒரு வழி செய்தார்கள். 1934 முதல் வாத்து வேட்டைக்காரர்கள் 'டக் ஸ்டாம்ப்' வாங்க வேண்டும். இப்போது விலை 25 டாலர். அந்தப் பணம் கிட்டத்தட்ட முழுவதும் ஈரநிலங்களைப் பாதுகாக்கப் போகிறது. 1937-ல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி, ரைஃபிள், தோட்டா, வில் ஆகியவற்றின் மீது 11 சதவீதமும் கைத்துப்பாக்கி மீது 10 சதவீதமும் வரி. அந்தத் தொகை மாநில வனவிலங்குத் துறைகளுக்குப் பிரித்துத் தரப்படுகிறது. லைசென்ஸ் கட்டணத்தை வேறு செலவுக்குத் திருப்பும் மாநிலத்துக்கு இதில் பங்கு கிடையாது.

இன்று வெள்ளைவால் மான்கள் சுமார் 3 கோடி. பயிரை மேய்கின்றன, சாலையில் கார்களில் மோதுகின்றன. அழிவின் விளிம்பில் இருந்த இனம், 'தயவுசெய்து இன்னும் சுடுங்கள்' என்று சில மாநிலங்கள் கேட்கும் அளவுக்குப் பெருகிவிட்டது.

ஓட்டை எங்கே?

'நாங்கள் சுடுவதால்தான் விலங்குகள் வாழ்கின்றன' என்பது வேட்டைக்காரர்களின் வாதம். இதில் உண்மை இருக்கிறது. ஆனால் அது முழு உண்மை இல்லை.

துப்பாக்கி வரியைக் கட்டுபவர்களில் பெரும்பங்கினர் வேட்டைக்கே போகாதவர்கள். தற்காப்புக்குக் கைத்துப்பாக்கி வாங்குபவரும் இலக்கு சுடப் பழகுபவரும் அதே வரியைத்தான் கட்டுகிறார்கள். அடுத்து, வேட்டைக்காரர் பணத்தை நம்பி இருக்கும் துறை, வேட்டைக்குரிய மானையும் வாத்தையும் கவனிக்கும் அளவுக்குத் தவளையையும் சிட்டையும் கவனிக்குமா என்று விலங்கு ஆர்வலர்கள் கேட்கிறார்கள்.

அதைவிடப் பெரிய கவலை, வேட்டைக்காரர்களே குறைவதுதான். அரசின் தேசியக் கணக்கெடுப்பில் 2011-ல் 1.37 கோடியாக இருந்தவர்கள் 2016-ல் 1.15 கோடியாகக் குறைந்தார்கள். அதே 2016-ல் விலங்குகளையும் பறவைகளையும் பார்த்து ரசிக்க நேரம் செலவிட்டவர்கள் 8.6 கோடி பேர். அவர்கள் வாங்கும் பைனாகுலருக்கு இப்படி ஒரு வரி கிடையாது. சுடுகிறவர் கட்டுகிறார், பார்க்கிறவர் கட்டவில்லை. சுடுகிறவர் குறைந்தால் காட்டை யார் பார்த்துக்கொள்வது?

இதற்கு ஒரு மாநிலம் அன்றே விடை சொல்லிவிட்டது. 1976-ல் வாக்கெடுப்பு நடத்தி, கடையில் வாங்கும் பொருளுக்கான விற்பனை வரியில் ஒரு சதவீதத்தில் எட்டில் ஒரு பங்கை இயற்கைப் பாதுகாப்புக்கு என்று ஒதுக்கினார்கள் அந்த மாநில மக்கள். வேட்டைக்குப் போகிறவரும் போகாதவரும் சேர்ந்தே கட்டுகிறார்கள். அந்த மாநிலம் வேறு எதுவும் இல்லை, ஏணியோடு வந்த நான்கு பேரின் மிசௌரிதான்.

நம் ஊரில் நிலவரம் என்ன?

சீசன், லைசென்ஸ் எல்லாம் நமக்குப் புதிதில்லை. 1879-லேயே நீலகிரியில் வேட்டைக்குத் தடைக்காலமும் லைசென்ஸும் வைக்கத் தனிச் சட்டம் கொண்டுவந்தது ஆங்கிலேய அரசு. 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இன்று பொழுதுபோக்கு வேட்டை என்ற பேச்சுக்கே இங்கே இடமில்லை. மனித உயிருக்கோ பயிருக்கோ ஆபத்து என்றால் மட்டும், அதிகாரியின் உத்தரவோடு விதிவிலக்கு.

தமிழ்நாட்டில் காட்டுப்பன்றி பிரச்னைக்கு 2025 ஜனவரியில் அரசு அறிவித்த முறையும் அப்படித்தான். காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை கூண்டு வைத்துப் பிடிக்கலாம். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால் வனத்துறையினர் சுடலாம். துப்பாக்கி அரசின் கையில்தான், விவசாயி கையில் இல்லை. டெக்சாஸிலோ நேர் எதிர். தனியார் நிலத்தில் உரிமையாளர் சம்மதித்தால் காட்டுப்பன்றியைச் சுட 2019 முதல் வேட்டை லைசென்ஸே வேண்டாம்.

எந்த முறை சரி என்று ஒரே வரியில் சொல்லிவிட முடியாது. அங்கே மான் பெருகியிருக்கிறது, ஆனால் நல்ல டேக்கும் நல்ல நிலமும் பணம் இருப்பவர் பக்கம் சாய்கின்றன. இங்கே விலங்குக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது, ஆனால் இரவோடு இரவாக வயலை இழக்கும் விவசாயி உத்தரவுக்குக் காத்திருக்கிறார்.

வயோமிங்கில் அந்த மூலைப் புள்ளி இன்றும் அதே இடத்தில்தான் இருக்கிறது. இனி அதைத் தாண்டுபவர் மீது வழக்குப் போட முடியாது. ஆனால் தாண்டுவதற்கு முன் லைசென்ஸ், டேக், தேதி, ஆரஞ்சு உடை எல்லாம் சரியாக இருக்க வேண்டும். ஏணியின் நான்கு காலும் சரியான கட்டத்தில் நிற்க வேண்டும்.